புகையைத் தின்னும் அடுப்பு

விறகடுப்பை ஊதிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த காட்சி. புதுக் கட்டையைத் திணித்ததும் அடுப்பு புகைந்துகொண்டே கிடக்கும். கண் எரியும். ஊதுகுழலை எடுத்து இரண்டு முறை ஊதினால் திடீரென்று 'பக்'கென்று பற்றிக்கொள்ளும். அந்த நொடியில் இன்னொன்றும் நடக்கிறது. அதுவரை சமையலறையை நிறைத்துக்கொண்டிருந்த புகை நின்றுபோகிறது. எங்கே போயிற்று? எரிந்துபோயிற்று. காற்று கிடைத்ததும் தீப்பிடித்தது கட்டை என்பதைவிட, கட்டையிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த புகை என்பதே சரி.

மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கிய சொற்பொழிவுகளில் இதை ஒரு மெழுகுவத்தியை வைத்துக் காட்டினார். எரிகிற வத்தியை மெல்ல அணைத்தால் திரியிலிருந்து வெண்மையாக ஒரு புகை இழை எழும். திரியைத் தொடாமல், இரண்டு மூன்று அங்குலம் தள்ளி அந்த இழையில் நெருப்பைக் காட்டினால் போதும். சுடர் புகைவழியே ஓடிவந்து திரியில் உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். காற்றாடியை மட்டும் நிறுத்திவிட வேண்டும்.

விறகின் கதையும் இதுவே. உலர்ந்த கட்டையைச் சூடாக்கினால் அதன் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் ஆவியாகவும் வாயுவாகவும் வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவது கரி. கட்டைக்குள் இருக்கும் வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களோடு கிளம்பிவிடுகிறது. கூரைமேல் சுருள்சுருளாகப் புகை போகும் குளிர்தேசத்து வீடு வாழ்த்து அட்டையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுப்பின் சூட்சுமம் தெரிந்தவர் கண்ணுக்கு அங்கே விறகு வாங்கிய காசு பறந்துகொண்டிருக்கிறது. நார்வேயிலோ பிரிட்டனிலோ வீட்டைச் சூடாக்க ஒரு விறகடுப்பு வாங்கப் போகிறவர், கடையில் பளபளக்கும் மாடல்களுக்கு நடுவே நின்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் புகை தப்பியோடும் முன் எரிந்துவிடுமா? அளவு, புகைபோக்கி, விறகு, பற்றவைக்கும் முறை என்று மற்றதெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன.

புகையை எரிப்பது அவ்வளவு எளிதல்ல. கட்டைக்குள் முதலில் 100 டிகிரியை ஒட்டி ஈரம் ஆவியாகிறது. 200 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மரத்தின் செல்லுலோஸும் அதன் கூட்டாளிகளும் சிதையத் தொடங்குகின்றன. 300ஐ நெருங்கும்போது வாயுக்கள் மளமளவென்று கிளம்பும். ஆனால் அந்த வாயுக்கள் முழுமையாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். கட்டையிலிருந்து கிளம்புவதற்கும் எரிவதற்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் புகை தப்பிக்கிறது. சூடு, காற்றோடு நன்றாகக் கலப்பது, சூடான இடத்தில் சற்று நேரம் தங்குவது என்ற மூன்றும் சேர்ந்து அமைந்தால்தான் அது எரியும். திறந்த கணப்பில் இந்த மூன்றுமே கைகூடுவதில்லை. சுடரைச் சுற்றி அறையின் குளிர்ந்த காற்று பாய்கிறது. புகை குளிர்ந்து, எரியாமலே மேலே ஏறிவிடுகிறது. போதாக்குறைக்கு, அறையில் ஏற்கெனவே சூடான காற்றையும் அது இழுத்துக்கொண்டு போகிறது. விறகின் வெப்பத்தில் அறைக்குக் கிடைப்பது நூற்றுக்குப் பத்து, இருபது பங்கு இருந்தால் அதிகம்.

இந்த வீணடிப்பை நிறுத்தப் பார்த்தவர்களில் புகழ்பெற்றவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். தன் இரும்புக் கணப்பைப் பற்றி 1744இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பென்சில்வேனியாவின் ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தபோது, பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் பயன்பெறுகிறோம், நம்முடையதையும் அப்படியே கொடுத்துவிட வேண்டும் என்று மறுத்தார். பெருந்தன்மைதான், ஆனால் அடுப்பு சுமார்தான். வெப்பத்தைக் கறந்துகொள்வதற்காகப் புகையை முதலில் கீழே இறக்கிப் பிறகு மேலே ஏற்றும் அமைப்பு அது. சூடான வாயு கீழே போக விரும்பாது. புகைபோக்கி நன்றாகச் சூடாகி இழுத்தால் ஒழிய அறைக்குள்ளேயே புகை கக்கும். பின்னால் வந்தவர்கள் அந்த இறங்குவழியை எடுத்துவிட்டே அதைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் பெயர் வாங்கிய ரம்ஃபோர்டு பிரபு 1796இல் வேறு வழி சொன்னார்: கணப்பின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்த்து வெப்பம் அறைக்குள் தெறிக்கச் செய், புகைபோக்கியின் தொண்டையை ஒடுக்கு. லண்டன் வீடுகள் அதைப் பின்பற்றின.

என் கணிப்பில் இவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் ஸ்வீடனின் கார்ல் யோஹான் குரோன்ஸ்டெட்டும் ஃபாபியன் விரேடேயும். விறகுத் தட்டுப்பாட்டுக்கு வழி தேடச் சொல்லப்பட்ட அவர்கள் 1767இல் வடிவமைத்த ஓட்டுக் கணப்பில் புகை, செங்கல் கால்வாய்களில் மேலும் கீழுமாக வளைந்து போகும். காலையில் சிறிது நேரம் மட்டும், காற்றுக்குக் குறைவில்லாமல், கொழுந்துவிட்டு எரியும்படி தீ மூட்டுவார்கள். நெருப்பு அணைந்த பின்னும் செங்கலில் தங்கிய சூடு மறுநாள்வரை மெல்லக் கசியும். நெருப்பை அடக்கி வைக்கவேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இதன் புத்திசாலித்தனம். ஃபின்லாந்தில் மாக்கல்லால் கட்டும் கணப்புகளும் இதே தத்துவத்தில் இயங்குகின்றன. ஒரே சிக்கல் எடைதான். ஒரு டன்னைத் தாண்டும் அதைத் தாங்கத் தரைக்கு அடியில் அடித்தளம் வேண்டும்.

பெரும்பாலோர் வாங்குவது அதுவல்ல, நூறு கிலோவை ஒட்டிய எஃகு அல்லது வார்ப்பிரும்புப் பெட்டி. இதன் உள்ளே எட்டிப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் லேசான பலகைகள் பதித்திருக்கும். வெர்மிகுலைட் என்னும் கனிமத்தைச் சூட்டில் உப்பவைத்துச் செய்தவை. வெப்பம் வெளியே வரத்தானே அடுப்பு, உள்ளே எதற்கு வெப்பத்தடை? அந்த 600 டிகிரிக்காக. நெருப்புக் கூண்டைச் சூடாக வைத்துப் புகையை எரித்துவிட்டு, அதன்பிறகு வெப்பத்தை அறைக்குக் கொடுப்பதுதான் கணக்கு. காற்றும் ஒரே வழியில் வருவதில்லை. கீழிருந்து வருவது பற்றவைக்கவும் கரியை எரிக்கவும். மேலிருந்து கண்ணாடியை ஒட்டி வழிந்து இறங்குவது கண்ணாடியில் கரி படியாமல் காக்கவும். மூன்றாவது காற்று பின்சுவரின் உள்ளே ஓடிச் சூடேறி, மேற்பகுதியில் உள்ள சிறு துளைகள் வழியே புகைக்குள் பாயும். அடுப்பு நன்றாகச் சூடானபின் பார்த்தால் கட்டைக்குச் சம்பந்தமே இல்லாத உயரத்தில், அந்தத் துளைகளின் வாயில் சுடர்கள் நடனமாடும். அங்கே எரிவது முழுக்க முழுக்கப் புகை. அமெரிக்க மாடல்கள் சிலவற்றில் பலேடியம் அல்லது பிளாட்டினம் பூசிய பீங்கான் தேனடையைப் புகை போகும் வழியில் வைக்கிறார்கள். அந்த வினையூக்கி இருந்தால் புகை 260 டிகிரி அளவிலேயே எரியத் தொடங்கிவிடும்.

இந்தக் கதவுக் கண்ணாடி பற்றியும் ஒரு சொல். சாதாரணக் கண்ணாடி இந்தச் சூட்டில் வெடித்துவிடும். இது கண்ணாடிப் பீங்கான். சூட்டில் விரிவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாக விரியும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க உலையில் வைத்தார். கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி உலை 900ஐத் தொட்டுவிட்டது. உருகி வழிந்திருக்கும் என்று திறந்து பார்த்தால் துண்டு வெள்ளையாக, உரு மாறாமல் கிடந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. உலகின் கண்ணாடிப் பீங்கான் குடும்பம் அங்கிருந்துதான் கிளைத்தது.

நார்வேயில் 1998 முதல் புதிதாக வைக்கும் அடுப்புகள் புகையை எரிக்கும் வகையாகவே இருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 2022 தொடக்கம் முதல், விற்பனைக்கு வரும் மூடிய விறகடுப்பு குறைந்தது 75 விழுக்காடு திறன் காட்டவேண்டும். ஆகவே புது அடுப்புகளுக்குள் எது நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பெரிய லாபமில்லை. தவறு நடக்கும் இடம் அளவில்.

பிரிட்டனில் அடுப்புக்காரர்கள் வாய்க்கணக்காக ஒன்று சொல்வார்கள்: அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கிப் பதினான்கால் வகு, தேவையான கிலோவாட் கிடைக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் உள்ள அறை 48 கன மீட்டர். வகுத்தால் மூன்றரைக்கும் சற்றுக் குறைவு. நன்றாக உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் தரும். அதில் முக்கால் பங்கு அறைக்கு வந்தால் 3 யூனிட். அதாவது அந்த அறைக்கு மணிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஒன்றிரண்டு பிளந்த கட்டை, போதும். ஆனால் கடைக்குப் போகிறவர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று 8 கிலோவாட் அடுப்பை வாங்கி வருகிறார். முறைப்படி எரித்தால் அறையில் உட்கார முடியாது. அதனால் காற்றை மூடுகிறார். காற்று குறைந்ததும் சூடு இறங்குகிறது, புகை எரியாமல் போகிறது, கண்ணாடி கறுக்கிறது, புகைபோக்கியில் தார் படிகிறது. விலை கூடிய அடுப்பு, பாட்டி காலத்து அடுப்பைப் போலப் புகைகிறது. இரண்டு அளவுக்கு நடுவில் தயங்கினால் சிறியதை எடுப்பதே நல்லது.

அடுப்பைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அடுப்புக்குள் காற்றைத் தள்ள மின்விசிறி கிடையாது. இழுக்கிற வேலை முழுதும் புகைபோக்கியுடையது. சூடான வாயு லேசானது. சுழியம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.29 கிலோ, 200 டிகிரியில் அது 0.75 கிலோ. ஐந்து மீட்டர் உயரக் குழாயில் இந்த எடை வேறுபாடு தரும் இழுவிசை ஏறத்தாழ 26 பாஸ்கல். குழாய்ச் சுவரில் உராய்ந்தும் வளைவுகளில் திரும்பியும் கொஞ்சம் போக, அடுப்புக்குத் தேவையான 12 பாஸ்கல் தாராளமாக மிஞ்சும். 12 பாஸ்கல் என்பது எவ்வளவு? ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல் உயரமுள்ள தண்ணீர் தன் அடியில் தரும் அழுத்தம். வளிமண்டல அழுத்தத்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவு. இந்த அற்ப விசைதான் வீட்டு ஆட்களையும் நச்சுப் புகையையும் பிரித்து வைத்திருக்கிறது. எனக்கு இந்த எண் எப்போதும் வியப்பாகவும் கொஞ்சம் அச்சமாகவும் இருக்கும்.

காற்றுப்புகாமல் கட்டிய புதிய வீட்டில் சமையலறைப் புகையுறிஞ்சியைப் போட்டால் அது வெளியேற்றும் காற்றுக்கு ஈடு எங்கிருந்து வரும்? புகைபோக்கி வழியாகத்தான். அடுப்பின் 12 பாஸ்கலை அந்த விசிறி சுலபமாகத் தோற்கடித்துவிடும்; புகை அறைக்குத் திரும்பும். அதனால்தான் புது வீடுகளில் வெளிக்காற்றை நேராக அடுப்புக்குக் கொண்டுவரும் தனிக் குழாய் வைக்கிறார்கள். புகைபோக்கி வீட்டின் நடுவே, அறைகளின் கதகதப்பில் ஏறினால் நன்றாக இழுக்கும். வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு குளிரில் நின்றால் காலையில் அதில் நிறைந்திருக்கும் கனத்த குளிர்காற்று கீழே வழியும். பிரிட்டனில் குறைந்தது நாலரை மீட்டர் உயரம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கூரை முகட்டை ஒட்டி வெளிவந்தால் முகட்டுக்கு மேல் 600 மில்லிமீட்டர் நீளவேண்டும், இல்லாவிட்டால் கூரையில் மோதிச் சுழலும் காற்று புகையை உள்ளே தள்ளும். குழாயை அகலமாக்கினால் நல்லது என்று நினைக்கவேண்டாம். பெரிய அடுப்பு செய்யும் அதே தப்பைப் பெரிய குழாயும் செய்யும்: வாயு மெதுவாகப் போகும், குளிரும், தார் படியும். பழைய கணப்புக்காகக் கட்டிய அகலமான செங்கல் புகைபோக்கிக்குள் 150 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இறக்குவது இதற்காகத்தான்.

அந்தத் தார், எரியாமல் தப்பிய புகையின் மிச்சமே. ஒருநாள் சூடு மிஞ்சும்போது அது குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். புகைபோக்கித் தீ 1000 டிகிரியையும் தாண்டும். பழைய செங்கல் விரிசல்விட்டு நெருப்பு கூரை மரத்துக்குப் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கி துடைப்பவரை அழைப்பது சடங்கு அல்ல.

அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அடுப்பின் தகட்டிலேயே அச்சிட்டிருக்கும். சோதனைச் சான்று இல்லாத அடுப்பென்றால் அமெரிக்க விதி 36 அங்குலம் கேட்கிறது. மரச்சுவர்மேல் அழகாக ஓடு ஒட்டிவிட்டால் பாதுகாப்பு என்று நம்புவோர் பலர். ஓடு வெப்பத்தை அப்படியே பின்னால் கடத்தும். சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, கீழும் மேலும் திறந்தபடி ஒரு வெறும் தகரத்தை நிறுத்தினால் போதும். இடைவெளியில் காற்று ஏறி ஓடிச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும்.

கரி மட்டும் மிஞ்சித் தணலாகக் கிடக்கும் நேரம் பார்க்க இதமானது, ஆபத்திலோ முதன்மையானது. புகை இல்லை, வாடை இல்லை. ஆனால் கார்பன் மோனாக்சைடு கிளம்பிக்கொண்டிருக்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் விழிக்காமலே போன செய்திகள் நமக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் 2010 முதல், புதிதாக விறகடுப்பு வைத்தால் அதே அறையில் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். அடுப்பிலிருந்து கிடைமட்டமாக ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள் அது இருக்கவேண்டும்.

இனி விறகு. பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீராக இருக்கலாம். அப்படிப்பட்ட இரண்டு கிலோ கட்டையில் ஒரு கிலோ நீர். அதை ஆவியாக்க, மீதி ஒரு கிலோ மரம் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு போய்விடும். அவ்வளவுதானா என்று தோன்றும். காகிதக் கணக்கு அவ்வளவுதான். உண்மையான நட்டம் வேறு: ஆவியாகும் நீர் நெருப்புக் கூண்டை 600 டிகிரிக்குக் கீழே பிடித்து வைப்பதால் புகை முழுதும் எரியாமல் போகிறது. ஏழில் ஒரு பங்கு நட்டம் பாதியாக வளர்ந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 2021 மே முதல், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது சட்டம். மரத்தின் நீர் முக்கியமாக வெட்டுமுகங்கள் வழியே, நார்களின் போக்கில் வெளியேறும். பட்டை அதை அடைத்துவைக்கும். ஆகவே குட்டையாக அறுத்துப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட அடுக்கவேண்டும். ஓக் போன்ற கெட்டி மரம் என்றால் இரண்டு ஆண்டு பொறுக்கவேண்டும். காய்ந்த இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்னும். ஈரக்கட்டை மந்தமாக ஒலிக்கும். எந்த மரமானாலும் காய்ந்தபின் கிலோவுக்குக் கிலோ வெப்பம் ஏறக்குறைய ஒன்றே என்பதால், மர வகையைப் பற்றிய பெருமைகளைக் கொஞ்சம் தள்ளியே கேட்கலாம்.

நார்வேக்காரர்கள் இதில் தீவிரமானவர்கள். லார்ஸ் மித்திங் விறகைப் பற்றி 2011இல் எழுதிய நூல் அமோகமாக விற்றது. 2013 பிப்ரவரியில் அந்த நாட்டின் அரசுத் தொலைக்காட்சி பன்னிரண்டு மணி நேரம் விறகு நிகழ்ச்சி ஒளிபரப்பியது; அதில் பெரும்பகுதி நெருப்பு எரிவது மட்டும். கட்டையை அடுக்கும்போது பட்டை மேலே இருக்கவேண்டுமா கீழேயா என்று நேயர்கள் இரு கட்சியாகப் பிரிந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். மழை நேராகப் படும் இடத்தில் பட்டை மேலே இருப்பது நல்லது. கூரைக்கடியில் எப்படி அடுக்கினால் என்ன?

பற்றவைப்பதும் நாம் பழகியதற்குத் தலைகீழ். பெரிய கட்டைகள் அடியில், சிறியவை அதன்மேல், சுள்ளி உச்சியில். தீ வைப்பது மேலே. முதல் சுடர் புகைபோக்கியைச் சூடாக்கி இழுவையைத் தொடங்கிவைக்கும். பிறகு நெருப்பு மெல்லக் கீழிறங்கும்போது, அடிக்கட்டைகளிலிருந்து கிளம்பும் புகை மேலே எரியும் சுடரைக் கடந்துதான் போகவேண்டும். கடக்கும்போதே எரிந்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் புகை பூஜ்யமாவதில்லை. மிகச் சிறந்த விறகடுப்பும் ஓர் எரிவாயுக் கொதிகலனைவிடப் பன்மடங்கு நுண்துகள் விடும். வீட்டுக் கணப்புகளின் நிலக்கரிப் புகைக்கும் பெரும் பங்கிருந்த 1952 டிசம்பர் பனிப்புகை லண்டனை மூச்சுத்திணற வைத்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இன்றும் பிரிட்டனின் நகரங்கள் பலவற்றில் அனுமதி பெற்ற அடுப்பில் மட்டுமே விறகு எரிக்கலாம். வேறு வெப்ப வசதி இருக்கும் நெருக்கமான நகரத்தில் அழகுக்காக விறகடுப்பு வைப்பதற்கு என் ஓட்டு இல்லை. மின்சாரம் நின்றால் வீடு உறையும் நார்வேப் பள்ளத்தாக்கில் கதை வேறு. ஆனால் அங்கும் இடம் பார்க்கவேண்டும். பெர்கன் நகரம் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று கீழே தேங்க, அதன்மேல் சூடான காற்று மூடிபோல் நின்றுவிடும் நாட்களில் வீட்டுப் புகை எங்கும் போகாது. 2021 ஜனவரி முதல், 1998க்கு முந்தைய, புகையை எரிக்காத அடுப்புகளைப் பயன்படுத்த அந்நகரம் தடை விதித்தது. பழைய சாமான் சந்தையில் பூவேலைப்பாடுகளோடு ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு மலிவாகக் கிடைத்தால், பின்சுவரில் அந்தச் சிறு துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் கதவைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் பூச்செடி வைக்க வாங்கலாம்.